வந்திருப்பது எந்த எலி?

பதுளையில் எலித் தொல்லைக்கு ஆள் அழைக்கிறவர்கள் முதலில் கேட்பது மருந்தைத்தான். "நல்லதா ஒரு பாஷாணம் வையுங்க அண்ணே, ராத்திரியெல்லாம் கண்ண மூட முடியல" என்பார்கள். அந்த அண்ணன் உடனே பையைத் திறப்பதில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவார். சுவரோரமாகக் குனிந்து எச்சம் தேடுவார். கிடைத்ததை ஒரு வெள்ளைத் தாளில் போட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வீட்டாருக்கும் காட்டுவார். அரை அங்குல நீளத்தில் இரு முனையும் கூராக இருந்தால் கூரை எலி. அரிசி மணி அளவென்றால் சுண்டெலி. ஓர் அங்குலத்தை நெருங்கி, பருமனாகக் கிடந்தால் பெருச்சாளி.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து, ஒரே பொறி என்று நினைப்பதில்தான் சனங்களின் பணம் வீணாகிறது என்பது அவர் கட்சி. கூரை எலியின் வால் அதன் உடலைவிட நீளம். கம்பியிலும் மரச்சட்டத்திலும் தடுமாறாமல் நடக்க அது உதவுகிறது. அது மேலேயே வாழும், மேலேயே குட்டி போடும். அதற்காகத் தரையில் வைத்த பொறி மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். பெருச்சாளி நிலத்தைக் குடைகிற சாதி. கானோரம், கோழிக்கூட்டின் அடி, மரவள்ளிப் பாத்தி என்று இருக்கும்; வளையின் வாயில் புதுமண் குவிந்திருக்கும். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் இடைவெளி போதும். தண்ணீர் தேடியும் அதிகம் அலையாது. ஓரிடத்தில் வயிறு நிரம்பத் தின்னாமல் இருபது இடத்தில் கொறித்துவிட்டுப் போகும். ஒரு மூலையில் குவித்து வைத்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. சின்னப் பொறிகளை நெருக்கமாக, பல இடங்களில் வைக்க வேண்டும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது எலியே இல்லை. பசறை வீதியில் ஒரு வீட்டார், மூன்று கடைகளில் மூன்று வகை மருந்து வாங்கி வைத்தும் எலி சாகவில்லை என்று அவரை அழைத்தார்கள். கீச்சுக் கீச்சென்ற சத்தம், சுவரை உரசியபடி ஓட்டம், அறையில் ஒரு கடும் நெடி. ஆளைப் பார்க்காமலேயே அவருக்கு விளங்கிவிட்டது: மூஞ்சூறு. கரப்பான், பூரான், புழு என்று வேட்டையாடித் தின்கிற பிராணி அது. அரிசியில் கலந்த மருந்தை அது ஏன் தேடி வரப்போகிறது? அந்த வீட்டில் அவர் செய்ததெல்லாம் பின்கதவின் அடியில் ஒரு ரப்பர் பட்டி அடித்ததும், கழுவுதொட்டிக்குக் கீழே பெருகியிருந்த கரப்பானை ஒழித்ததும்தான். பிள்ளையாரின் வாகனம் மூஞ்சூறு என்று சொல்லி வளர்ந்த அந்த வீட்டுப் பாட்டிக்கு, உயிர் போகாமல் காரியம் முடிந்ததில் பெரிய நிம்மதி.

அவர் பிறந்தது நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். எண்பதுகளில் கொழும்புக்குப் போய், அரிசிக் களஞ்சியங்களுக்குப் புகையூட்டும் கூட்டத்தில் கூலியாளாகச் சேர்ந்தார். எலி என்றால் சோற்றுப் பானைக்கு வரும் தொல்லை மட்டுமல்ல என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். 1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தது. எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளு அதை மனிதருக்குக் கடத்தியது. கொழும்பில் அந்த நோயை ஆராய்ந்த ஹர்ஸ்ட் என்ற மருத்துவர், எலித் தெள்ளிலும் இனங்கள் உண்டு, கொழும்பு எலிகளில் மிகுந்திருந்த இனம் பிளேக்கைப் பரப்புவதில் மந்தமானது என்று காட்டினார். எலியை மட்டுமல்ல, எலியின் மேல் ஊர்வதையும் பிரித்து அறிந்த அந்தக் கதை இவருக்கு மிகவும் பிடித்தது. தன்னிடம் வேலை பழக வருகிற பையன்களுக்கு இன்றும் அதைத்தான் முதலில் சொல்கிறார்.

ஊருக்குத் திரும்பியபோது தோட்டங்களில் எலி ஒழிப்பு என்பது காவல்காரரின் வேலையாக இருந்தது. சிங்க் பாஸ்பைட் என்ற கறுப்புத் தூளைச் சோற்றிலோ அரிசியிலோ பிசைந்து கூரை ஓரங்களில் வைப்பார்கள். முதல் இரவு சில எலிகள் சாகும். மறுநாள் லயத்தில் எல்லாருக்கும் சந்தோசம். மூன்றாம் நாள் எவருக்கும் எட்டாத இடத்திலிருந்து நாற்றம் கிளம்பும். இரண்டு வாரத்தில் ஓட்டம் பழையபடி தொடங்கும். அதன்பிறகு எத்தனை தடவை வைத்தாலும் எலி அந்தப் பக்கமே திரும்பாது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் புது உணவு எதையும் அது முதலில் நுனிப்பல்லால் கொஞ்சம் தொட்டுப் பார்க்கும். அந்தக் கொஞ்சம் வயிற்றைப் புரட்டிவிட்டால், அந்த வாசனையை மறக்காது. கெட்டது அத்தோடு முடிவதில்லை. சிந்திய அரிசியைக் கோழிகள் கொத்தும். கோழி செத்தால் பக்கத்துக் காம்பிராவோடு சண்டை.

பிறகு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் மலைக்கும் வந்துசேர்ந்தன. உலகில் வார்பரின் 1950ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்ததே இந்தத் தொழிலின் பெரிய திருப்பம். தின்ற எலி உடனே சாவதில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் விழும். தின்றதற்கும் நோவுக்கும் முடிச்சுப்போட அதற்குத் தெரியாததால் மற்ற எலிகளும் பயமின்றித் தின்னும். வார்பரினைத் தாங்கும் எலிகள் பல நாடுகளில் உருவானதும் புரோடிபகும் போன்ற கடுமையானவை வந்தன. இலங்கைக் கடைகளில் கிலேரட் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை தின்றாலே போதும் என்பது அதன் பலம். செத்த எலியைத் தின்கிற ஆந்தையையும் மரநாயையும் பூனையையும் அதே விஷம் பிடிக்கும் என்பது அதன் கேடு.

மருந்தை யாருடைய கையிலும் கொடுப்பதில்லை என்பது அவருடைய கட்டாய விதி. தோட்டத்து வீடுகளில் நஞ்சு எட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது. குழந்தைக்கும் சரி, மனம் உடைந்திருக்கிற பெரியவருக்கும் சரி. வைக்கிற மருந்தைப் பூட்டுள்ள பெட்டிக்குள்ளேயே வைத்து, மிச்சத்தைத் தானே எடுத்துப் போவார். சந்தையில் பெயரில்லாத பொட்டலத்தில் விற்பதைத் தொடவே மாட்டார். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவும் பெயர்ச்சீட்டும் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஆஸ்பத்திரி. இரத்தம் உறையவிடாத மருந்தென்றால் வைத்தியர் விட்டமின் கே கொடுப்பார். சிங்க் பாஸ்பைட்டுக்கு முறிமருந்து கிடையாது. தின்றது என்னவென்று தெரியாவிட்டால் வைத்தியர் எதைக் கொண்டு தொடங்குவார்? அதனால் ஒவ்வொரு வீட்டிலும் மருந்துப் பெட்டியின் அட்டையை மட்டும் கொடுத்து, சாமித்தட்டுக்குப் பின்னால் வைத்திருக்கச் சொல்வார்.

லயத்தில் அவர் கற்ற பாடம் மருந்தைப் பற்றியதல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னால் ஒரு ஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து லயங்களில் இடைச்சுவர் கூரை முகடுவரை போகாது. ஒரு வீட்டின் இருமல் மறுவீட்டில் கேட்கும். இந்தத் தொங்கலில் ஏறிய எலி எட்டுக் குடும்பங்களின் தலைக்கு மேலே ஓடி அந்தத் தொங்கலில் இறங்கும். ஒரு குடும்பம் காசு சேர்த்து அவரை அழைத்தால், அந்த ஒரு காம்பிராவில் மட்டும் வேலை செய்ய அவர் சம்மதிப்பதில்லை. "உங்க காசு எனக்கு வேணாம் அக்கா. எல்லாரும் சேர்ந்து கூப்பிடுங்க, பாதிக் கூலிக்கு வாறேன்" என்பார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தோட்டத்தில் அப்படி எல்லாரும் சேர்ந்தே கூப்பிட்டார்கள். முன்னின்றவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளையின் விரலை எலி கடித்திருந்தது. முதல் நாள் அவர் எதையும் வைக்கவில்லை. பொழுது சாயும்போது சுவர் உச்சியிலும் மரச்சட்டங்களிலும் கோதுமை மாவை மெல்லியதாகத் தூவிவிட்டுப் போனார். விடிந்ததும் பார்த்தால் மாவில் கால் தடங்கள், நடுவே வால் இழுத்த கோடு. எலிக்கு வழி மாறுவது பிடிக்காது. உடம்பின் எண்ணெய் பட்டுப் பட்டு, அது நடக்கும் சட்டத்தில் கறுப்பாக ஒரு மினுமினுப்பே ஏறியிருக்கும். லயத்தின் முழு நீளத்துக்கும் அப்படி இரண்டே இரண்டு பாதைகள்தான் இருந்தன. அத்தனை இரவுகளின் சத்தமும் அந்த இரண்டில்தான்.

அடிபொறிகளை அந்தப் பாதையில் கட்டினார். ஆனால் விசையை ஏற்றவில்லை. சுட்ட தேங்காய்த் துண்டைக் கட்டி, சில இரவுகள் எலி பயமின்றித் தின்று பழகட்டும் என்று விட்டார். லயத்துக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. எலிக்கு விருந்து வைக்கவா ஆள் கூட்டிவந்தோம் என்று ஒரு தாத்தா சத்தம் போட்டார். அந்த நாட்களில்தான் உண்மையான வேலை நடந்தது. சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்த விறகைத் தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்கினார்கள். கோழித்தீனியை இருட்டுமுன் எடுத்து மூடினார்கள். அரிசியும் மாவும் மூடியுள்ள தகர டின்னுக்குப் போயின. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த வெளிகளைக் கால் அங்குலக் கம்பிவலை வைத்துச் சீமெந்து பூசி அடைத்தார்கள். வலையையும் சீமெந்தையும் தோட்ட நிர்வாகம் கொடுத்தது, கை வேலை லயத்துக்காரர்களுடையது. அதன்பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறிகளையும் ஏற்றினார். நாற்றமில்லை, கோழிச் சாவில்லை. ஆடி முடியும்வரை அந்த லயத்திலிருந்து எலி என்ற பேச்சே வரவில்லை. பிறகு மறு பக்கத்துத் தகரம் காற்றில் பிய்ந்தபோதுதான் மறுபடியும் அழைத்தார்கள்.

தேயிலை ஸ்டோரில் கதை வேறு. எலி தேயிலைக்கு ஆசைப்பட்டு வருவதில்லை. கொழுந்து வாடப்போடும் மேல்மாடியின் கதகதப்பு, சணல் துணி, விறகுக் கொட்டில், இரவு முறைக்காரர்களின் சாப்பாட்டுப் பொதி, இவைதான் அழைக்கும். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் உலர்காற்றில்தான் உலகமே தேடும் அந்த மணம் ஏறுகிறது. அந்த மாதங்களில் ஸ்டோர் இரவு பகலாக ஓடும். கதவுகள் திறந்தே கிடக்கும். முன்பெல்லாம் டீமேக்கர் ஒரு பூனை வளர்த்தால் விசயம் முடிந்தது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய், பின்னர் வெளிநாட்டு வாங்குநர்கள் உணவுப் பாதுகாப்புச் சான்று கேட்கத் தொடங்கியதும் பூனையே குற்றமாகிவிட்டது. தேயிலையில் ஒரு மயிர் கிடைத்தால், அது எலியுடையதா பூனையுடையதா என்று லண்டனில் யாரும் விசாரிக்கப்போவதில்லை.

அவருடைய தொழிலையே மாற்றிய மாற்றம் அது. உற்பத்தி நடக்கும் இடத்துக்குள் நஞ்சு கூடாது. உள்ளே பொறி மட்டும், மருந்துப் பெட்டி வெளிச்சுவரைச் சுற்றி. ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம், ஸ்டோரின் வரைபடத்தில் அதன் இடம், பார்த்த தேதி, தின்றிருந்த அளவு, கையெழுத்து. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் நாற்பதை நெருங்கும்போது பதிவேடு எழுதப் பழகினார். முதலில் அது வெறும் காகித வேலை என்றுதான் தோன்றியது. ஓராண்டுப் பதிவைச் சேர்த்துப் பார்த்தபோது, வடக்குச் சுவர்ப் பெட்டிகளில் மட்டும் மாரி தொடங்கியதும் மருந்து குறைவது தெரிந்தது. போய்ப் பார்த்தால் அந்தப் பக்கக் கானின் மூடி உடைந்திருந்தது. மழைநீர் வளைகளை நிரப்ப, பெருச்சாளிகள் மேட்டுக்கு ஏறியிருந்தன. மூடி மாற்றியதோடு அந்தச் சுவரில் தொல்லை நின்றது.

பதுளை நகரத்துப் பழைய கடைவரிசைகளும் லயம் மாதிரிதான். சுவர் பொது, கூரை பொது. 1924இல் ரயில் பதுளையை எட்டிய நாளிலிருந்து அரிசியும் பருப்பும் மாசியும் கருவாடும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய ஊர் இது. கடைக்காரர்களுக்கு எலியைவிட எலி இருப்பது வெளியில் தெரிவதுதான் பயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்ற தகவல் கிடைத்த பிறகே தொலைபேசி அடிக்கும்; கடை பூட்டியபின், பின்பக்க வழியாக வரச் சொல்வார்கள். ஒரு பேக்கரியில் பலகை உட்கூரையைக் கழற்றியபோது பாண் துண்டுகளும் பொலித்தீனும் சேர்த்து முழங்கால் உயரத்துக்குக் கூடு கட்டியிருந்தன. மின்கம்பியின் உறை பல இடங்களில் கடிபட்டிருந்தது. எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. தேய்ப்பதற்கு எதையாவது கடித்தாக வேண்டும். காரணம் தெரியாத தீ என்று எழுதி முடிக்கப்பட்ட சில சம்பவங்களை அன்றிரவு அவர் நினைத்துக்கொண்டார்.

முதியங்கனை விகாரையை அண்டிய வீடுகளில் இன்னொரு சிக்கல். போயா நாளில் பொறி வைக்கக் கூடாது. சிலருக்கு எந்த நாளிலும் உயிர் போகக் கூடாது. கூண்டில் பிடித்து ஆற்றுப் பக்கம் விட்டுவிடுங்கள் என்பார்கள். விட்ட எலி திரும்பி வரும், இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போகும் என்று அவர் விளக்குவார். "மாத்தயா, ஒரு உயிரும் போகாத வழி இருக்கு, ஆனா மேசன் செலவு ஆகும்" என்பார். சுண்டெலி நுழையக் கால் அங்குலம், எலி நுழைய அரை அங்குலம். அந்த அளவுக்கு மேலுள்ள ஓட்டைகளை அடைத்துவிட்டால் கொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. கொல்லாமை விரதத்தை இவ்வளவு காரியமாக எடுத்துக்கொண்ட வீடுகள்தான் தன் வேலையில் மிகச் சுத்தமானவை என்று அவர் சொல்கிறார்.

வெல்லவாய, மொனராகலைப் பக்கம் இறங்கினால் எலி என்பது காய்ச்சலின் பெயர். 2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பரவியது. 7,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது, சுமார் 200 பேர் இறந்தார்கள். எலியின் சிறுநீரில் வரும் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருந்து, காலில் உள்ள கீறல் வழியாக உடம்புக்குள் போகிறது. வயலில் எலியை ஒழித்துத் தருகிறேன் என்று அவர் யாரிடமும் வாக்குக் கொடுத்ததில்லை, அது ஒருவரால் ஆகிற காரியமல்ல. வரம்பில் வளை இருக்கும் வயலில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் கசாயம் குடித்துக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வயலில் இறங்கியதைச் சொல்லுங்கள், விதைப்புக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் தரும் டொக்சிசைக்ளினை வாங்கிக் குடியுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார். தோட்டங்களில் கான் வெட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறார். செத்த எலியை வெறுங்கையால் தூக்குகிற உதவியாளுக்கு அவரிடம் அடுத்த நாள் வேலை இல்லை.

மலையில் எலியின் கதை தேயிலையைவிடப் பழையது. கோப்பிக் காலத்தில் காட்டிலிருந்து கோப்பி எலிகள் கூட்டமாக இறங்கி, மொட்டையும் பூவையும் தின்பதற்காகக் கிளைகளையே கடித்துத் துண்டித்தன. காட்டில் அவற்றின் உணவான நெலுச் செடி குறையும் காலத்தில் அந்தப் படையெடுப்பு நடந்ததாக பிரித்தானிய ஆட்சி அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் எழுதியிருக்கிறார். ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் கொல்லப்பட்டதையும், தென்னிந்தியத் தொழிலாளர்கள் அவற்றைப் பொரித்தும் கறியாக்கியும் உண்டதையும் குறித்திருக்கிறார். அந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்தான் இவர். அவர்கள் ஆசைக்காக மட்டுமே அதை உண்டார்கள் என்று இவர் நம்பவில்லை. கூலியும் அரிசியும் அளந்து கொடுக்கப்பட்ட நாட்கள் அவை.

ஒஹியப் பக்கம், காட்டோரப் பங்களாக்களிலிருந்து அழைப்பு வந்தால் அவர் வெளியில் மருந்து வைப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத் துரையாக இருந்த பிலிப்ஸ் என்பவர் 1929இல் ஓர் எலியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். முதுகு சாம்பல், வயிறு வெண்மை, வாலும் இரண்டு நிறம். ஒஹியவின் பெயரையே அதற்கு வைத்தார். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணிக்கப்பட்டிருக்கிறது. அது மலைக்காட்டில் வாழ்வது, மனிதரின் அரிசிப் பெட்டிக்கு வருவதல்ல. பங்களாவுக்குள் ஓடுவது அநேகமாகச் சாதாரணக் கூரை எலிதான். காட்டோரத்தில் நீல நிற மருந்துக் கட்டிகளைப் பரப்பினால் எது தின்றது என்று யாருக்குத் தெரியும்? அங்கெல்லாம் வீட்டுக்குள் கூண்டு மட்டும். விடியற்காலையில் கூண்டைத் திறக்குமுன் வயிற்று நிறத்தையும் வாலையும் பார்த்தாக வேண்டும் என்பது பையன்களுக்கு அவர் போட்ட கட்டளை.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தபின் தனி வீடுகள் என்ற கோரிக்கை வலுத்தது. 2016இல் இந்திய உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 வீடுகளுக்கான திட்டம் தொடங்கியது. ஏழு பேர்ச்சஸ் காணியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கூரை. தலைக்கு மேல் எட்டு வீட்டு எலி ஓடிய காலம் அங்கே போய்விட்டது. ஆனால் புது வீட்டுக்கும் அவரை அழைக்கிறார்கள்: மலசலகூடக் குழியோரத்தில் பெருச்சாளி, தண்ணீர்க் குழாய் போகும் துளையில் சுண்டெலி, வாழைமரத்திலிருந்து கூரைக்குத் தாவும் எலி. குடிபுகுந்தபின் இவற்றை அடைக்க ஆகும் செலவு, கட்டும்போது அடைப்பதைவிடப் பலமடங்கு. ஆகவே இப்போது அவர் வீட்டுக்காரர்களிடம் போவதற்கு முன்னால் மேசன் பாஸ்மாரைத் தேடிப் போகிறார். ஹாலிஎலப் பக்கம் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் சென்ற மாதம் கம்பிவலைச் சுருளைப் பிரித்துக் காட்டி, குழாய்த் துளை, முகட்டோரம், காற்றுத் துவாரம், கதவடி என்று நான்கு இடங்களைச் சொன்னார். பாஸ் வலையின் கண்ணில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வீட்டுக்கு எத்தனை அடி பிடிக்கும் என்று கேட்டார். இருவரும் சீமெந்துப் பையின் காகிதத்திலேயே கணக்குப் போட்டார்கள்.